“லோடு எத்தனை மணிக்கு?” – கோத்தகிரி மாடி டுட்டோரியலில் ஒரு வருஷம்

கோத்தகிரி மார்க்கெட்டுக்கு இறங்குகிற சரிவில் ஒரு ஹார்டுவேர் கடை. அதன் மாடியில் தகரம் போட்ட இரண்டு அறை. பத்தாவதைப் பாதியில் விட்டவர்கள், எழுதி ஃபெயில் ஆனவர்கள், தனித்தேர்வராக எழுத நினைக்கிறவர்கள் படிக்கிற டுட்டோரியல் அது. பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அந்த சார் முகத்தில் நாளைக்கும் முழிக்க வேண்டும். என் தையல் கடை அங்கிருந்து நாலு கடை தள்ளித்தான்.

ஸ்டார் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. பாடம் நடத்துவதற்கு மட்டும் என்றால் இரண்டரைக்கு மேல் தர மாட்டேன். அந்த மிச்சம் ஒன்று எதற்கு என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படித்தது என் தங்கச்சி மகன், பணம் கட்டியது நான். தங்கச்சி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். அவள் வீட்டுக்காரர் இலை லாரியில் லோடுமேன். 2020-ல் ஸ்கூலைப் பூட்டியபோது பையன் ஏழாவதுக்குப் போக வேண்டியவன். அந்த வருஷம் முழுக்கத் திறக்கவில்லை. எட்டாவதிலும் நவம்பர் வந்துதான் திறந்தார்கள். எஸ்டேட் ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் இருந்தது ஒரே போன், அது அப்பாவோடு லாரியில் போய்விடும். இருக்கிற நாளிலும் சிக்னலுக்கு மாரியம்மன் கோயில் மேடு வரை ஏற வேண்டும். பின்னம், பிளஸ் மைனஸ் எல்லாம் அந்த ஒன்றரை வருஷத்தோடு போனது போனதுதான். எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால் ஏறி ஏறிப் பத்தாவதுக்கு வந்துவிட்டான். அரையாண்டில் கணக்கில் பதினொரு மார்க். 2024 பொங்கல் லீவில் வீட்டுக்கு வந்தவன் திரும்ப ஸ்கூல் பக்கம் போகவில்லை. காரட் லோடுக்குப் போய்விட்டான்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் கோயமுத்தூரில் காலையில் வாங்குகிற ஊட்டிக் காரட், முந்தின ராத்திரி தலையில் லைட் கட்டிக்கொண்டு பிடுங்கியது. நடுராத்திரி தாண்டி வேன் வந்து ஆள் ஏற்றும். பிடுங்கி, மூட்டை கட்டி, மிஷினில் கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப விடிந்துவிடும். பதினாறு வயசுப் பையனுக்கு அதில் ஒரு ராத்திரி கிடைக்கிற காசு, அவன் அம்மா இரண்டு நாள் கொழுந்து பறித்தால் வருகிற காசு. இதைத் தெரிந்துகொண்டு யாராவது “ஏண்டா படிப்பை விட்டே?” என்று அவனிடம் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். நானும் கேட்டேன், அது வேற விஷயம்.

முதலில் வேறொரு ஊர் டுட்டோரியலில்தான் விசாரித்தேன். வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ், அதில் பிள்ளைகள் போட்டோ, “100% தேர்ச்சி”. முழுப் பணமும் முன்னாடியே கேட்டார்கள். காலை பத்திலிருந்து நாலு வரை கிளாஸ். பையன் ராத்திரி வேலைக்குப் போகிறான் என்றேன். “அப்போ வேலையை விடச் சொல்லுங்க” என்றார் அங்கே இருந்தவர். விட்டால் உன்னிடம் எதற்கு வருகிறோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இங்கே நடந்தது வேறு. இந்த சார் அரசுப் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பையனைப் பார்த்து ஏன் நின்றாய், என்ன பிரச்சினை, யார் அடித்தார்கள், எதுவும் கேட்கவில்லை. முதல் கேள்வியே இதுதான்:

“லோடு எத்தனை மணிக்கு?”

“ஒரு மணிக்கு வண்டி வரும் சார்.”

“திரும்பி வர?”

“பத்தாயிரும்.”

“எத்தனை மணி வரைக்கும் தூங்குவே?”

“மூணு, மூணரை.”

“அப்ப நாலரைக்கு வா. ஆறரைக்கு விட்டுர்றேன். சாப்பிட்டுட்டு இன்னொரு தூக்கம் போடலாம்.”

அவ்வளவுதான் அட்மிஷன். பையன் தலை நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். அதன்பிறகுதான் சார் என்னை உட்காரவைத்து ஒரு மணி நேரம் அமெரிக்கா பேசினார். ஊரில் அவருக்கு அமெரிக்கா சார் என்றே பெயர். சேரப் போகிறவர்கள் இதற்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள், தப்பிக்க முடியாது.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது, இரண்டு ப்ளவுஸ் டெலிவரி கொடுக்க வேண்டிய நாள். ஆனால் பாதியில் காது தானாகத் திரும்பிவிட்டது. அவர் மகள் சான் ஹோசேயில் கம்ப்யூட்டர் வேலை. ரிட்டயர் ஆனதும் ஆறு மாசம் போய் இருந்திருக்கிறார். அங்கிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் சாலினாஸ் என்று ஊர். கண்ணுக்கு எட்டின வரைக்கும் லெட்டூஸ், ப்ராக்கோலி, ஸ்ட்ராபெர்ரி. நம் பாலாடாக்களில், அதாவது மலைக்கு நடுவே இருக்கிற பள்ளத்துத் தோட்டங்களில், ஸ்டார் ஹோட்டலுக்கென்று போடுகிறார்களே, அதே இங்கிலீஷ் காய்கறிதான். குனிந்து அறுக்கிற ஆட்கள் பெரும்பாலும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தவர்கள், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அந்த வழியில் வந்தவர்களை அங்கே ஹிஸ்பானிக் என்று எழுதுகிறார்கள். மகளுக்குப் பக்கத்து வீட்டம்மா இந்த மாதிரி தோட்டத்துப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை பாடம் எடுப்பவராம். சும்மா இருக்கிற வாத்தியாரை எதற்கு விடுவானேன் என்று இவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

அங்கே பள்ளியை முடிக்காதவர்கள் அதற்குச் சமமான சான்றிதழுக்கு எழுத ஜி.இ.டி. என்று ஒரு பரீட்சை இருக்கிறது. 1942-ல் பட்டாளத்துக்குப் போன பையன்களுக்காக உண்டாக்கியது. ஸ்பானிஷ் மொழியிலும் எழுதலாம். 1967-லிருந்து விவசாயக் கூலிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் இப்படிப் படித்து முடிக்க வைப்பதற்கென்றே அரசாங்கத் திட்டம் ஒன்றும் ஓடுகிறது. தோட்ட வேலை என்றால் ஸ்கூல் நேரம் போக மீதி நேரத்தில், அப்பா அம்மா சம்மதித்தால், பன்னிரண்டு வயசுப் பிள்ளையைக்கூட வேலைக்கு வைக்க அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறதாம். அமெரிக்காவிலா சார் என்று இரண்டு தடவை கேட்டேன்.

சார் மேஜையில் ஒரு ரூல்டு நோட்டு உண்டு, அதைத் திறந்து காட்டினார். பதினாறிலிருந்து இருபத்துநாலு வயசுக்குள் இருந்துகொண்டு, பள்ளியிலும் இல்லாமல், முடித்த சான்றிதழும் கையில் இல்லாமல் இருப்பவர்களை அங்கே வருஷா வருஷம் கணக்கெடுக்கிறார்கள். ஹிஸ்பானிக் பிள்ளைகளில் 2000-ல் நூற்றுக்கு 27.8 பேர் அப்படி. 2016-ல் 8.6. வெள்ளைக்காரப் பிள்ளைகள் 6.9-லிருந்து 5.2. “இருபதுக்கு மேல இருந்த வித்தியாசம் மூணரைக்கு வந்திருச்சு பாருங்கம்மா, பதினாறு வருஷத்துல” என்று பென்சிலால் தட்டினார். இது தானாக நடக்கவில்லையாம். 1968 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிழக்குப் பகுதியில் மெக்சிகோ வழிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியே வந்து தெருவில் நின்றிருக்கிறார்கள். ஸ்கூலில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை, காலேஜுக்குப் போக நினைத்தாலும் கைவேலைப் பக்கம் தள்ளிவிடுவது, இதெல்லாம் அவர்கள் குறை. 1982-ல் டெக்சாஸ் வழக்கு ஒன்றில், நாட்டில் இருக்கப் பேப்பர் இல்லாத பிள்ளை என்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் விடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

இத்தனையிலும் எனக்குள் போய் உட்கார்ந்தது வேறொன்று. அந்த 27.8-ல் கணிசமான பேர் அமெரிக்கப் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள் என்றார் சார். பதினாறு பதினேழு வயசில் எல்லை தாண்டி வந்து நேராகத் தோட்டத்தில் இறங்கியவர்கள். கணக்கெடுக்கிறவர்கள் அவர்களையும் ‘பாதியில் நின்றவர்’ என்ற கட்டத்தில்தான் போடுகிறார்கள்.

எங்கள் அப்பா சிலோனிலிருந்து வந்தவர். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும், அங்கே இருந்த தோட்டத் தமிழர்களில் யார் எந்த நாட்டுக்கு என்று கையெழுத்துப் போட்டதில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட குடும்பம். 1973-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, இந்த மலைக்கு வந்தபோது அவருக்குப் பதிமூன்று வயசு. ஹட்டன் பக்கம் எட்டாவது படித்துக்கொண்டிருந்தவர். இங்கே வந்த மறு மாசம் தேயிலைக்குக் குழி வெட்டினார். ரேஷன் கார்டுக்கோ எதற்கோ எழுத வந்தவர்கள் படிப்பு என்ற இடத்தில் ‘இடைநிற்றல்’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். அன்று ராத்திரி சார் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: “நான் எங்க நின்னேன்? என்னைய பஸ்ஸுல ஏத்தவே இல்லையே.”

சரி, டுட்டோரியலுக்கு வருகிறேன்.

நேரம்தான் இவர்களுடைய பெரிய பலம். நாலரை பேட்ச் காரட் பையன்களுக்கு. ஆறரை பேட்ச் கடையில், ஹோட்டலில் நிற்கிறவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை முழுநாள் எஸ்டேட் பெண்களுக்கு. ஊட்டி சீசனில் காட்டேஜ் காட்டுகிற பையன்கள் ஏப்ரல், மே சனி ஞாயிறு வர மாட்டார்கள் என்று தெரிந்து அவர்களுக்கு செவ்வாய் புதன். பரீட்சையும் சீசனும் ஒரே நேரத்தில் வருவதுதான் இந்த ஜில்லாவின் சாபம் என்பார் சார். மார்ச் கடைசியில் டூரிஸ்ட் வண்டி ஏற ஆரம்பித்ததும் பாதிப் பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும்.

இரண்டு நாள் வரவில்லை என்றால் போன். மூன்றாவது நாள் சாரே ஸ்கூட்டரில் வந்துவிடுவார். முதல் தடவை லைன் வீட்டு வாசலில் ஹெல்மெட்டோடு நின்றவரைப் பார்த்து, குழுக் கடன் வசூலுக்கு வந்த ஆள் என்று தங்கச்சி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சார் வெளியே நின்று, “கடன் இல்லம்மா, கணக்கு!” என்று கத்தினாராம். லைன் முழுக்க இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பாடம்? தமிழ் மேடம் அருமை. திருக்குறளை நடத்தினால் ராத்திரி வேலைக்குப் போகிற பையன்கூடத் தூங்காமல் கேட்கிறான். சமூக அறிவியல் சாரே எடுப்பது. வரைபடத்தில் இடம் குறிக்கச் சொல்லித் தேய்த்துவிடுவார். இங்கிலீஷ் வெறும் மனப்பாடம். ஒரு லெட்டர், ஒரு போஸ்டர், நாலு பாட்டு, அவ்வளவுதான். கணக்குதான் மோசம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற ஒரு தம்பி எடுக்கிறார். தங்கமான பிள்ளை, ஆனால் போர்டைப் பார்த்துப் பேசுகிறார். எழுதி முடித்ததும் அழித்துவிடுகிறார். இருபத்து மூன்று பேரில் முக்கால்வாசிக்கு வகுத்தலே வராது என்பது அவருக்குக் கடைசி வரை புரியவில்லை.

அதற்கு சார் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. வடிவியலுக்கு எட்டு, கிராஃப் வரைபடத்துக்கு எட்டு, ஆகப் பதினாறு. ஒரு மார்க் கேள்வி பதினாலு. “பதினாறும் பதினாலும் முப்பது, இன்னும் மூணு ரெண்டு மார்க் போட்டா பாஸ்” என்று எல்லாப் பிள்ளைகளையும் மந்திரம் மாதிரி சொல்ல வைப்பார். தேறுவதற்கு முப்பத்தைந்துதான் வேண்டும், குறுக்கு வழி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பின்னம் தெரியாத பிள்ளைக்குப் பின்னம் சொல்லித்தர இதில் எங்கேயும் இடம் இல்லை. பையன் இன்றைக்கும் அரையையும் கால்பாகத்தையும் கூட்டச் சொன்னால் என் டேப்பை எடுத்துத்தான் அளக்கிறான்.

பெரிய குறை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பத்தாவதை முதல்முறை தனித்தேர்வராக எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்னாடியே பெயர் பதிய வேண்டும். ஒதுக்குகிற பள்ளிக்குப் போய் 80 சதவீதம் வருகை காட்டினால்தான் செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வு 75-க்கு, செய்முறை 25-க்கு. அதில் 20, இதில் 15, இரண்டிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இந்த விவரம் எல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம், ஏனென்றால் பெயர் பதிகிற தேதியை டுட்டோரியல் ஆபீஸ் கோட்டை விட இருந்தது. ஆபீஸ் என்றால் ஒரு பெண், ஒரு பீரோ. கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் போன் வந்தது. தைத்துக்கொண்டிருந்த சுடிதாரை அப்படியே போட்டுவிட்டு ஆதார், டி.சி., போட்டோ என்று ஓடினேன். டி.சி. பழைய ஸ்கூலிலேயே கிடந்தது. எங்கள் பையன் தப்பித்தான். இரண்டு பிள்ளைகளுக்குப் போன் எட்டவில்லை, அவர்களுக்கு அந்த வருஷம் போச்சு. சார் மன்னிப்புக் கேட்டார், கட்டின பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். போன வருஷத்தை யார் கொடுப்பது? அரை ஸ்டார் போனது இங்கேதான்.

இன்னொன்று. பெண்களுக்குத் தனி பாத்ரூம் இல்லை. கீழே ஹார்டுவேர் கடைக்காரரிடம் சாவி வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை லீவு. எஸ்டேட் பெண்கள் முழுநாள் உட்காருவதோ அன்றைக்குத்தான். இதை சாரிடம் நானே சொன்னேன். “ஆமாம்மா” என்றார். இன்றைக்கு வரை ஆமாம்மாதான்.

ஜூனில் பையன் சேர்ந்தபோது அந்த வருஷத்துக்கு, எல்லா நேரமும் சேர்த்து, இருபத்து மூன்று பேர். பரீட்சை எழுதியது பதினாலு. நானே எண்ணிப் பார்த்தேன், பழக்க தோஷம், பட்டன் எண்ணுகிற கை. டுட்டோரியலிலேயே இடைநிற்றல்! இரண்டு பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். ஒரு பெண்ணுக்கு அம்மா ஆஸ்பத்திரியில், சமையலுக்கு ஆள் இல்லை. குஞ்சப்பனைப் பக்கத்து இருளர் பெண் ஒருத்தி, வகுப்பிலேயே கையெழுத்து அழகு அவளுக்குத்தான், ஞாயிறு தவறாமல் மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். பலாப்பழ சீசனில் அந்த ரோட்டில் யானை இறங்கினால் பஸ் நிற்கும், நின்றால் வீட்டுக்குப் போக இருட்டிவிடும். நாலு ஞாயிறு அப்படி ஆனதும் அவள் அப்பா போதும் என்று சொல்லிவிட்டார். சார் ஸ்கூட்டரில் அங்கேயும் போனார். இந்தத் தடவை பலிக்கவில்லை. சேர்ந்தவர் எத்தனை, எழுதினவர் எத்தனை என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறார், ஃப்ளெக்ஸ் கிடையாது. அதுவும் எனக்குப் பிடித்தது.

ஆறரை பேட்சில் சேருகிறவர்கள் கரடியையும் கணக்கில் வையுங்கள். எட்டரைக்கு மேல் எங்கள் லைனுக்குப் போகிற தேயிலைப் பாதையில் கரடி நடமாட்டம் சகஜம். காட்டு மாடு வேறு. டார்ச்சோடு மூன்று நான்கு பேராகப் போக வேண்டும். சார் ஒவ்வொரு பக்கத்துப் பிள்ளைகளையும் கோஷ்டி கட்டித்தான் அனுப்புகிறார், கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போய் மிஸ்டு கால் கொடுக்கிற வரைக்கும் ஹார்டுவேர் கடைப் படியில் உட்கார்ந்திருப்பார்.

ரிசல்ட் மே மாசம் வந்தது. தமிழ் 61, இங்கிலீஷ் 42, அறிவியல் 48, சமூக அறிவியல் 57. கணக்கு 31. கிராஃப் வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதாமல் விட்டிருக்கிறான். ‘மந்திரம்’ முப்பத்தொன்றில் நின்றுவிட்டது. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை, கொழுந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. 6,500 ரூபாய், நாலு தவணை, அதுபோக கைடு, பரீட்சைக் கட்டணம் தனி.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு சார் போன். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “ஜூலையில துணைத் தேர்வு இருக்கும்மா. கணக்கு மட்டும். பையன் இப்ப எத்தனை மணிக்கு லோடுக்குப் போறான்?” என்றார். திண்ணையில் தலை லைட்டுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன். “சீசன் பெரியம்மா, பன்னெண்டுக்கே வண்டி வந்துருது. அஞ்சு மணிக்குன்னா வர்றேன்னு சொல்லுங்க” என்றான். ஐந்து மணிக்கே வைத்துவிட்டார். ஆனால் இந்தத் தடவை இன்ஜினியர் தம்பி வேண்டாம், நீங்களே பின்னத்திலிருந்து எடுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

புது பேட்சுக்கு அட்மிஷன் இப்போது நடக்கிறது. ஆதார், டி.சி., பழைய மார்க் ஷீட் இருந்தால் அது, எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். செய்முறைக்குப் பெயர் பதிகிற தேதியை அவர்களை நம்பாமல் நீங்களே விசாரித்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் தகரத்துக்குக் கீழே வாத்தியார் குரல் கேட்காது, முன் பெஞ்சில் இடம் பிடிக்கச் சொல்லுங்கள், ஸ்வெட்டர் கட்டாயம். மாடிப்படியில் மூன்றாவது பலகை ஆடும்.